இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கம்

பணி ஓய்வு மலருக்காக வனஜாட்சி ஹெப்பாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்து நான்கு வருஷம் ஒரே வராந்தாவில் எதிரெதிர் அறையில் குப்பை கொட்டியவர்கள் நாங்கள், என்னை விட்டால் வேறு யாரைக் கேட்பார்கள்? எழுதிக் கொடுத்தேன். எளிமை, உழைப்பு, தங்கமான கை என்று எல்லாம் போட்டேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அதை எழுதி முடிப்பதற்குள் என் வயிறு எரிந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும். அதை மலரில் போட மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிரமீளா கெதிலாயா. புத்தூர் வக்கீல் ஒருவரின் ஒரே பெண். எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழகத்துக்கே முதலிடம், தங்கப் பதக்கம். அவள் சாகரா பக்கத்துப் பாக்கு மண்டியில் குமாஸ்தாவாக இருந்தவரின் மூன்றாவது பெண், இரண்டாம் வகுப்பில் தேறியவள். பீற்றிக்கொள்ளவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். எண்பத்து நான்கில் ஒரே மாதம் பெங்களூரின் இந்த மூளை ஆராய்ச்சிக் கழகத்தில் வந்து சேர்ந்தோம். ஒரே பேராசிரியரிடம் மாணவிகள், விடுதியிலும் ஒரே அறை.

வேலை இதுதான். எலியின் மூளையை எடுத்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்புத் தண்ணீரில் உயிரோடு வைக்க வேண்டும். பிறகு மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை ஒரே ஒரு செல்லின் மேல் ஒட்டவைத்து, அந்தச் செல் அனுப்பும் மின்சாரத் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும். நான் சீவிய வில்லைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் செத்துவிடும். அவளுடையவை சாயங்காலம் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் உயிரோடு இருக்கும்.

"என்னடி மந்திரம் போடறே?" என்று கேட்பேன்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. தண்ணி இன்னும் கொஞ்சம் ஜில்லுனு இருக்கணும். நீ அவசரப்படறே, அது பயந்து சாகுது" என்பாள்.

எலி மூளைக்கு என்னைப் பார்த்துப் பயமாம்!

தொண்ணூற்று மூன்றில் அந்தத் தண்ணீர்ச் சமாசாரத்தை நான்கு பக்கக் கட்டுரையாக எழுதினாள். எத்தனை குளிர், எவ்வளவு உப்பு, ஆக்சிஜன் குமிழி எந்த வேகத்தில் வர வேண்டும், அவ்வளவுதான். கண்டுபிடிப்பு என்று ஒரு மண்ணும் இல்லை. "இதையெல்லாமா பேப்பர்னு அனுப்புவாங்க? புளியோகரே சாதம் செய்முறை மாதிரி இருக்குடி" என்றேன். சிரித்தாள். அனுப்பினாள். அச்சாகிவிட்டது.

வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் தன் கட்டுரையின் கடைசியில் 'இன்னாருடைய இந்தக் கட்டுரையைப் பார்த்தேன்' என்று பட்டியலில் சேர்த்தால் அது ஒரு சைட்டேஷன். எங்கள் பிழைப்பே அந்த எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. உலகத்தில் யார் மூளையைச் சீவினாலும் வனஜாட்சியின் தண்ணீரில்தான் சீவுகிறார்கள், சீவுகிற ஒவ்வொருவனும் அவளைப் பட்டியலில் சேர்க்கிறான். நான் கடைசியாகப் பார்த்தபோது இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. கடைசியாகப் பார்த்தது இன்று காலை.

என் பெருமைக்குரிய கட்டுரை தொண்ணூற்று ஒன்பதில் வந்தது. வாசனையை மூளை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்று ஒரு முழுக் கோட்பாடு. ஐந்து வருஷ உழைப்பு, அச்சில் பதினான்கு பக்கம். அது வந்த நாள் என் பெயரெழுதி ஒரு பிரதியை அவளுக்குக் கொடுத்தேன். பதினாறு வருஷத்தில் அதற்குக் கிடைத்த சைட்டேஷன் பதினேழு. அதில் ஆறு நானே என் மற்ற கட்டுரைகளில் போட்டுக்கொண்டது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

அவளுக்குத் தலைக்கனம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பாவி, அதுவும் வரவில்லை. கணவர் ராகவேந்திரா காலமான பிறகும் அதே நான்கு பருத்தி வாயில் புடவை, அதே டிபன் டப்பா. தினமும் பதினொரு மணிக்குக் கேன்டீனில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு காபி பை-டூ, அதாவது ஒன்றை இரண்டாகப் பங்கிட்டு, வாங்குவோம். முழுக் காபி வாங்கினால் தூக்கம் வராது என்பாள். எனக்கு அரைக் காபி போதாது. ஆனாலும் முப்பது வருஷம் அரைக் காபிதான் குடித்தேன்.

எனக்கு ஐம்பத்தைந்து முடிந்த வருஷம் எங்கள் டைரக்டர் இனாம்தார் ஒரு கூட்டம் போட்டார். தார்வாட்காரர், எதையும் பட்டென்று சொல்லிவிடுவார். "மூணு வருஷத்துல ஒரே ஒரு சீனியர் புரொபசர் இடம் வருது. கிடைச்சவங்க அறுபத்தஞ்சு வரைக்கும் இருக்கலாம். மத்தவங்க அறுபதுல வீட்டுக்குப் போகலாம். எச்-இண்டெக்ஸ் இருபத்தஞ்சு இல்லாதவங்க அப்ளிகேஷனே போட வேண்டாம். நான் படிச்சுப் பார்க்கறவன் இல்ல, எண்ணிப் பார்க்கறவன்" என்றார்.

எச்-இண்டெக்ஸ் இருபத்தைந்து என்றால், நாம் எழுதியதில் இருபத்தைந்து கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது இருபத்தைந்து முறை சைட் ஆகியிருக்க வேண்டும். வனஜாட்சிக்கு முப்பத்தொன்று. எனக்கு இருபத்து நான்கு. இருபத்தைந்தாவதாக நின்றது அந்த வாசனைக் கட்டுரை, பதினேழோடு. இன்னும் எட்டு வேண்டும். எட்டே எட்டு பேர் உலகத்தில் எங்கேயாவது என்னைச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை குட்டி இல்லை. ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பினால் நான் எங்கே போவேன்? அந்த ஐந்து வருஷம் எனக்கு உயிர் மாதிரி. விண்ணப்பம் போட்டாலும் எதிரில் முப்பத்தொன்று நிற்கும் என்பது தெரியும். தெரிந்தும் ஆசை விடவில்லை.

அந்த ஆடி மாதம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் துறையில் ஒரு கட்டுரை அச்சாகும் முன், அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் ரகசியமாகக் கொடுத்துக் கருத்து கேட்பார்கள். எழுதியவர் யார் என்று கருத்து சொல்பவருக்குத் தெரியும். சொன்னது யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. எனக்கு வந்த கட்டுரையின் தலைப்பு, ஒரு நரம்புச் செல் தான் கற்றதை எப்போது மறக்கத் தொடங்குகிறது என்பது. எழுதியவர்கள் வனஜாட்சி ஹெப்பார், அவள் மாணவி ஸ்ஃபூர்த்தி.

ஒரே கழகத்தில் இருப்பவர்கள் ஒருவர் கட்டுரைக்கு ஒருவர் கருத்து சொல்லக் கூடாது. பத்திரிகை ஆசிரியர் கவனிக்கவில்லை. 'எழுதியவர்களோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்பதில் டிக் அடித்தேன்.

வரி வரியாகப் படித்தேன். மூன்று முறை படித்தேன். கட்டுரை நன்றாக இருந்தது, நாசமாய்ப் போக, மிக நன்றாக இருந்தது. அதற்கு நான் எழுதிய அறிக்கையில் ஆறு குறிப்புகள். முதல் இரண்டும் சில்லறை. மூன்றாவதுதான் ஆணி. 'மறதி என்று சொல்ல வேண்டுமானால், ஒரே செல்லைப் பத்து மணி நேரம் விடாமல் பதிவு செய்து காட்ட வேண்டும், குறைந்தது பன்னிரண்டு செல்களில்.' ஊசியை ஒரு செல்லோடு ஒன்றரை மணி நேரம் ஒட்டவைப்பதற்குள் எங்களுக்கெல்லாம் நாக்குத் தள்ளிவிடும். யாராலும் ஆகாத காரியம். தெரிந்துதான் எழுதினேன்.

ஆறாவது குறிப்பில், 'ஆசிரியர்கள் ஒரு முக்கியமான முன்னோடிக் கட்டுரையைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்' என்று என் வாசனைக் கட்டுரையைப் போட்டு, என் கணினிப் பட்டியலிலிருந்து அதன் விவரத்தையும் முழுசாக ஒட்டினேன். ரகசியமாகக் கருத்து சொல்லும்போது தன் கட்டுரையைத் தானே நுழைப்பது எங்கள் தொழிலில் ஊரெல்லாம் செய்கிற காரியம். எட்டில் ஒன்று தேறும் என்று கணக்கு.

மூன்று வாரம் கழித்து பதினொரு மணிக் காபியில் வனஜாட்சி பெருமூச்சு விட்டாள்.

"பேப்பர் திரும்பி வந்துடுச்சுடி. ரெண்டு ரெவ்யூவர் சரின்னுட்டாங்க. மூணாவது ஆளு பத்து மணி நேரம் ஒரே செல்லைப் பிடிச்சுக் காட்டுங்கறான்."

"பைத்தியக்காரன்" என்றேன். காபி புரையேறியது.

"பைத்தியம் இல்லடி, வரி விடாம படிச்சிருக்கான். நாலாம் பக்கத்துல ஒரு கூட்டல் தப்பு, அதைக்கூட பிடிச்சிருக்கான். இன்னொண்ணு கேளு, உன் வாசனை பேப்பரை சைட் பண்ணலையேன்னு சண்டை போடறான். உனக்கு எங்கேயோ ஒரு ரசிகன் இருக்கான்டி!"

"எவனோ கிழவனா இருப்பான்."

"கிழவியாக்கூட இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். அவளாவது கண்டுபிடிப்பதாவது, வெள்ளை மனசுக்காரி என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அவளுடைய ஒரே பெண் அபேக்ஷா புனேவில் ஏழு மாசக் கர்ப்பிணி. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டியவள், டாக்டர் பயணம் கூடாது என்றதால் அங்கேயே இருந்தாள். வனஜாட்சி மூன்று மாசம் விடுப்பு எடுத்துக்கொண்டு போவதாக இருந்தாள். ஆனால் அதே விஷயத்தை லிஸ்பனில் ஒரு ஆய்வுக் குழு செய்துகொண்டிருந்தது. தாமதித்தால் அவர்கள் முந்திவிடுவார்கள், எட்டு வருஷ வேலை வீணாகிவிடும்.

"அந்தச் சோதனையை விட்டுட்டு வேற பத்திரிகைக்கு அனுப்பேன்டி" என்றேன். உள்ளூர எனக்கு அதுதான் வேண்டும். சின்னப் பத்திரிகைக்குப் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"இல்லடி. கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்லிட்டுத்தான் போகணும்" என்றாள். விடுப்பை ரத்து செய்தாள். புனேவுக்கு நாத்தனாரை அனுப்பினாள்.

மூன்று மாசம். காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்வாள். மூன்றாம் மணியில் ஒரு செல் போகும், ஐந்தாம் மணியில் ஒன்று போகும். ஒவ்வொரு முறையும் அவள் முகம் செத்துப்போகும், எனக்குள்ளே ஒருத்தி கைதட்டுவாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்ததும் நான்தான், உள்ளே கைதட்டியதும் நான்தான். இரண்டும் உண்மை. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அபேக்ஷாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். கருவியில் ஒரு செல் ஒன்பதாம் மணியில் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தாள், கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. "ஒரு மணி நேரம் கண்ணா, ஒரே ஒரு மணி நேரம், அம்மா கூப்பிடறேன்" என்றாள். அந்த ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. செல்லும் பத்து மணியைத் தாண்டியது. பன்னிரண்டில் அது பதினொன்றாவது.

அவள் புனேவுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூன்று வாரம். திரும்பி வந்தவளிடம், "பேத்தி எப்படிடி?" என்று கேட்டேன். "நல்லா இருக்கா. பெத்தவதான் என்கிட்ட பேச மாட்டேங்கறா" என்றாள்.

கட்டுரை வந்தது. நான் முடியாது என்று கேட்ட சோதனைதான் அதில் ஆறாம் படம். ஏழாம் மணியில் செல் மறக்கத் தொடங்குவது அதில் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒரு படத்துக்காக உலகமே அவளைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் அழைத்தார்கள், பாரிஸில் அழைத்தார்கள். எங்கள் வராந்தா வழக்கப்படி அறிவிப்புப் பலகையில் முதல் பக்கத்தைக் குத்திவைத்து, கீழே தார்வாட் பேடா பெட்டியைத் திறந்து வைத்தாள். நான் மூன்று பேடா தின்றேன். குழி வெட்டப் போய் அவளுக்கு மேடை கட்டிக் கொடுத்திருக்கிறேனே! அது என் யோசனை என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை.

இரண்டு வருஷத்தில் அதற்கு நூற்று எண்பது சைட்டேஷன். ஒரு விந்தையும் நடந்தது. என் வாசனைக் கட்டுரையும் ஏறத் தொடங்கியது. பதினெட்டு, இருபது, இருபத்து மூன்று. ஒரு நாள் காலை இருபத்தைந்தைத் தொட்டது, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் இருபத்தேழு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். கடைசியில் என்னையும் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். வராந்தா முழுக்க ஹோளிகே, நம் போளிதான், கொடுத்தேன்.

விண்ணப்பத்தோடு, யார் யார் நம்மைச் சைட் செய்தார்கள் என்ற பட்டியலை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அதை அதே துறையில் இருக்கும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இனாம்தாரின் விதி. அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் என் கட்டுரையை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று ஆசையாகப் பார்த்தேன். அங்கேதான் மண் விழுந்தது.

என் கட்டுரை அந்த இதழில் தொடங்குவது இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில். பழைய பதினொரு பேரும் அப்படித்தான் குறித்திருந்தார்கள். வனஜாட்சி உட்படப் புதிதாக வந்த பத்துப் பேரும் இருநூற்று முப்பத்தொன்று என்று போட்டிருந்தார்கள். இதழை எடுத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் கரப்பான்பூச்சியின் கால் நரம்பைப் பற்றி வேறு யாரோ எழுதியிருக்கிறார். என் கட்டுரையைத் திறந்து பார்த்த ஒருவன் அந்த எண்ணைப் போட்டிருக்க முடியாது. ஒன்பது பேரும் வனஜாட்சியின் பட்டியலைப் பார்த்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். ஒருத்தன்கூட என்னைப் படிக்கவில்லை.

வனஜாட்சிக்கு அந்தத் தப்பு எண் எங்கிருந்து வந்தது? என் அறிக்கையிலிருந்து. எனக்கு? என் கணினிப் பட்டியலில் தொண்ணூற்று ஒன்பதில் பதின்மூன்றை முப்பத்தொன்றாக மாற்றி நானே தட்டிய பிழையிலிருந்து. நானே என்னைச் சைட் செய்துகொண்ட ஆறு இடத்திலும் அதே இருநூற்று முப்பத்தொன்று. அந்தத் தாளைப் பார்க்கும் யாருக்கும் பச்சையாகத் தெரியும். உலகத்தில் இந்தப் பிழையைச் செய்துகொண்டிருந்தவள் நான் ஒருத்தி. வனஜாட்சிக்கு அதை எழுதி அனுப்பிய மூன்றாவது ஆள் யார் என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.

எங்கள் துறையில் எனக்குக் கையெழுத்துப் போடக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய பட்டியலில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு போனேன். பார்க்காமல் போட்டுவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் வாசனைக் கட்டுரைக்கு வந்தது. மெதுவாக இறங்கியது. நின்றது. மேலே என் பழைய ஆறு வரிக்குப் போனது, மறுபடி கீழே வந்தது.

நிமிராமல் கேட்டாள்.

"பிரமீளா, அந்த மூணாவது ரெவ்யூவர் இருக்கானே, அவன் அந்தப் பத்து மணி நேரச் சோதனையைத் தேவைன்னு நினைச்சுக் கேட்டிருப்பானா, முடியாதுன்னு நினைச்சுக் கேட்டிருப்பானா? உனக்கு என்னடி தோணுது?"

தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? சொன்னால் என் ஐந்து வருஷம் போச்சு. கட்டத்தில் பொய் டிக் அடித்தவளுக்கு எந்தக் கமிட்டி இடம் கொடுக்கும்?

"தேவைன்னுதான்டி. பெரிய ஆளா இருப்பான்" என்றேன்.

"அப்படியா?" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பேருந்து போய்விட்ட பிறகு நிறுத்தத்தில் நிற்கிறவள் பார்ப்பது மாதிரி பார்த்தாள். 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள். அன்றைக்குப் பதினொரு மணிக் காபிக்கு அவள் வரவில்லை.

மறுநாள் இனாம்தார் கூப்பிட்டார். "உங்க சிநேகிதி அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிட்டாங்க மேடம். இந்த மாசமே ஓய்வு வேணுமாம். மகள் வீட்டுக்குப் போறாங்களாம். நான் எவ்வளவோ சொன்னேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு இரண்டாவது எளிதாக வந்தது.

இடம் எனக்குக் கிடைத்தது. போட்டிக்கு ஆளே இல்லை. நியமனக் கடிதத்தில் 'சமீப ஆண்டுகளில் சைட்டேஷன்களில் குறிப்பிடத்தக்க உயர்வு' என்று ஒரு வரி இருந்தது. வனஜாட்சி வழியனுப்பு விழாவுக்கு நிற்காமல் புனேவுக்குப் போய்விட்டாள். அதனால்தான் மலர், அதனால்தான் என் இரண்டு பக்கம்.

அந்த இரண்டு பக்கத்துக்கு ஒரு சின்ன வயசுப் புகைப்படம் வேண்டும் என்றார்கள். அபேக்ஷாவுக்குப் போன் செய்தேன்.

"அனுப்பறேன் ஆன்ட்டி" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்ட ஒண்ணு கேட்கலாமா? அந்த ரிப்போர்ட் நீங்க எழுதினதுதானே?" என்றாள்.

எந்த ரிப்போர்ட் என்று கேட்டுப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு ரிப்போர்ட் வந்த அன்னைக்கே தெரியும். நீங்க அப்போ பேர் எழுதிக் குடுத்த வாசனை பேப்பர் அவங்க மேஜையிலதானே இருந்தது? பக்க நம்பரைப் பார்த்துட்டு, 'தன் எல்லா பேப்பர்லயும் இந்தத் தப்பை உலகத்துல ஒருத்திதான் பண்ணுவா, அவ போட்டபடியே நானும் போடறேன்'னு என்கிட்ட போன்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எடிட்டருக்கு ஒரு வரி எழுதிப் போடும்மா, ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க, நீ இங்க வந்துடலாம்னு அழுதேன் ஆன்ட்டி. மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?" என்றேன்.

"'ரெண்டாயிரம் பேர் என் பேரை எழுதறாங்க, யாரும் படிக்கறதில்ல. இவ ஒருத்திதான் வரி விடாம படிக்கறா. இவ கேட்டா நான் பதில் சொல்லாம இருக்க முடியாது'ன்னாங்க. ஆன்ட்டி, நான் வலியில துடிச்சுக்கிட்டு இருக்கேன், எங்க அம்மா உங்களுக்குப் பதில் எழுதிக்கிட்டு இருந்தாங்க. உங்க மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? இந்த ரெண்டரை வருஷமா."

என் மேல் பொறாமை! என் ஐம்பத்தெட்டு வயசில் யாரும் என் மேல் படாதது.

"இப்ப இல்ல" என்றாள் அபேக்ஷா. "அன்னைக்கு நீங்க கையெழுத்துக்கு வந்துட்டுப் போனதும் எனக்குப் போன் பண்ணினாங்க. 'நேராக் கேட்டேன், பொய் சொல்லிட்டா. இனிமே இங்க எனக்குப் படிக்கறவங்க யாரும் இல்ல, நான் வந்துடறேன்'னாங்க. வந்துட்டாங்க."

அவளுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் ஒரு குழந்தை வீரிடுகிற சத்தமும் கேட்டன. "அம்மா பாப்பாவைக் குளிப்பாட்டறாங்க. இருங்க, குடுக்கறேன்" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"யாரு?"

"நான்தான்டி. வனஜா, முடியாதுன்னு நினைச்சுத்தான் கேட்டேன். நீ தோத்துப் போகணும்னு கேட்டேன்."

அவள் குழந்தையின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது கேட்டது.

"இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா கமிட்டிகிட்ட நானே உனக்காகச் சண்டை போட்டிருப்பேன்டி" என்றாள். "இப்ப என்ன? உனக்குத்தான் கிடைச்சாச்சே. பாப்பாவுக்குத் தண்ணி ஆறிப்போகுது, வைக்கறேன்."

வைத்துவிட்டாள். அந்த இரண்டரை வயசுக் குழந்தையின் மேல் எனக்கு வந்த பொறாமையைப் போல ஒன்று, அவளுடைய இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டின் மேல்கூட எனக்கு வந்ததில்லை.